ஒரே வாளி, நாலு தூண்டில்: ஒன்ராறியோவில் மீன் கணக்கில் விடக்கூடாத பிழைகள்

யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் சிம்கோ ஏரிக்கரைக்குப் போனால் நம் ஆட்களைக் காணாமல் திரும்ப முடியாது. ஒரு பக்கம் பார்பிகியூ அடுப்பு புகையும். இன்னொரு பக்கம் நாலைந்து தூண்டில்கள். நடுவில் ஒரு வெள்ளை வாளி. யார் பிடித்தாலும் மீன் அந்த ஒரே வாளிக்குள்தான் விழும்.

சில வருடங்களுக்கு முந்தி எங்கள் வாளியையும் ஒரு மீன்வள அதிகாரி எட்டிப் பார்த்தார். உள்ளே பதினைந்து பாஸ் மீன். நாங்கள் நாலு பேர், நாலு பேரிடமும் ஸ்போர்ட் லைசன்ஸ், அதாவது கூடிய அளவு மீன் வைத்துக்கொள்ள விடும் மீன்பிடி அனுமதி. அதற்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு பாஸ் என்றால் இருபத்துநாலு வரை வைத்திருக்கலாம், கணக்கு சரிதானே என்று நிம்மதியாக நின்றோம். அவர் மரியாதையாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதில் எது யார் பிடித்தது?" எங்களோடு வந்த அண்ணை முகமெல்லாம் சிரிப்பாக, "ஒன்பது நான் பிடிச்சது" என்றார். அவருக்கு அன்றைக்கு எல்லாரையும்விடக் கை நல்லாயிருந்தது, அதைச் சொல்லிக்கொள்ள ஆசை. அபராதச் சீட்டு அவர் பெயருக்கே எழுதப்பட்டது.

அந்த அண்ணை ஏமாற்றுகிறவர் இல்லை. பிடித்ததைப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் ஊரில் பழக்கம், வலையில் வந்த மீனைப் பிரிக்கும்போது யார் இழுத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒன்ராறியோச் சட்டம் அப்படிப் பார்க்காது. மீனைப் பிடித்து விடாமல் வைத்துக்கொண்டால், பிடித்தவரின் கணக்கில்தான் அது சேரும். பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்தாலும் உங்கள் கணக்கிலிருந்து கழியாது. "எனக்கு ஆறு முடிஞ்சுது, இனி உன்ரை பேரில் பிடிக்கிறன்" என்பது இங்கே செல்லாது. நான் பார்த்த பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். கனடாவில் வசிக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் லைசன்ஸ் வேண்டாம், ஸ்போர்ட் அளவு அவர்களுக்குத் தானாகவே உண்டு. பெரியவர்கள் பிறந்த திகதி போட்ட அரச அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். இதை அறிந்தவுடன் சிலர், மூன்று பிள்ளைகளையும் ஏரிக்குக் கூட்டிப்போனால் பதினெட்டு மீன் கூடுதலாகக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். தள்ளுவண்டிலில் நித்திரை கொள்கிற இரண்டு வயதுக் குழந்தை ஆறு பாஸ் பிடித்தது என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது. பிள்ளையின் கணக்கு பிள்ளை பிடித்த மீனுக்கு மட்டும்தான்.

ஊரிலிருந்து வந்து நிற்கும் அப்பா அம்மாவுக்கு இந்த 65 வயதுச் சலுகை இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கனடாவில் வசிக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது. வருகை விசாவில் வந்த எழுபது வயது அப்பா தூண்டிலைக் கையில் எடுத்தால், வெளிநாட்டவருக்கான லைசன்ஸ் வேண்டும். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த பன்னிரண்டு வயது மருமகன் லைசன்ஸ் வைத்திருக்கும் பெரியவரோடு சேர்ந்து பிடிக்கலாம். ஆனால் அவன் வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் ஏறும். அவன் நாலு பிடித்தால் உங்களுக்கு மிச்சம் இரண்டுதான்.

அடுத்தது லைசன்ஸின் வகை. ஸ்போர்ட், கொன்சவேஷன் என்று இரண்டு உண்டு. இரண்டாவது மலிவு, அதனால் நிறையப் பேர் அதை வாங்குகிறார்கள். நல்லதுதான், பொழுதுபோக்காகப் பிடித்து விடுகிறவர்களுக்கு அதுவே போதும். ஆனால் வைத்துக்கொள்ளும் அளவு மிகவும் குறைவு. விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு மீனுக்கும் பக்கத்தில் "எஸ்-6, சி-2" என்று போட்டிருப்பார்கள். எஸ் ஸ்போர்ட்டுக்கு, சி கொன்சவேஷனுக்கு. சிம்கோவில் பாஸ் ஆறு, கொன்சவேஷன் என்றால் இரண்டு. பைக் மீனுக்கும் அதே ஆறும் இரண்டும். மஞ்சள் பேர்ச் ஐம்பது, கொன்சவேஷனில் இருபத்தைந்து. நண்பன் ஐம்பது கொண்டுபோகிறானே என்று பார்த்து நீங்களும் கொண்டுபோனால், அவனுக்கு ஒன்றும் நடக்காது, உங்களுக்கு நடக்கும்.

இதோடு சேர்ந்தது இலவச நாட்கள். பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, அன்னையர் தினம், தந்தையர் தினம், யூலைத் தொடக்கத்தை ஒட்டி ஒரு கிழமை என்று லைசன்ஸ் இல்லாமலே பிடிக்க விடுகிறார்கள். தந்தையர் தினத்தில் ஏரிக்கரையில் நிற்க இடம் கிடைக்காது! அப்படி லைசன்ஸ் இல்லாமல் பிடிக்கிறவருக்குக் கொன்சவேஷன் அளவுதான் உரியது. இலவசம் என்றதும் அளவுக்கும் அன்றைக்கு விடுமுறை என்று நினைக்கிறவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

சரி, இனி மிகச் சிக்கலான இடத்துக்கு வருவோம். "நாளொன்றுக்கு ஆறு" என்று படிக்கிறவர் என்ன நினைப்பார்? இன்றைக்கு ஆறு, நாளைக்கு ஆறு, நாளையன்றைக்கு ஆறு. கொட்டேஜ் (ஏரிக்கரை விடுமுறை வீடு) எடுத்து மூன்று நாள் தங்கினால் பதினெட்டு பாஸோடு வீட்டுக்கு வரலாம் என்று. முடியாது. நாளளவு ஒன்று, கையிருப்பு அளவு இன்னொன்று. கையிருப்பு என்பது உங்களிடம் எங்கே இருந்தாலும் சேரும்: வாளியில், காரின் பின்பெட்டியில், கொட்டேஜ் குளிர்ப்பெட்டியில், ஸ்காபுறோ வீட்டு பேஸ்மன்ட் பிறீசரில். வேறாகச் சொல்லியிருந்தால் ஒழிய, கையிருப்பு அளவும் ஒரு நாள் அளவும் ஒன்றேதான்.

ஒரு கொட்டேஜ் வார இறுதியை எடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஆறு பாஸ் பிடிக்கிறீர்கள், இரவு பொரித்து இரண்டை நீங்களே சாப்பிடுகிறீர்கள். நாலு பிறீசருக்குப் போகிறது. சனிக்கிழமை விடிந்ததும் உங்களுக்கு நாளளவு திரும்ப ஆறு. ஆனால் கையில் நாலு இருப்பதால் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டையும் அன்று பகலே கரையில் சுட்டுச் சாப்பிட்டுவிட்டால்? கையிருப்பில் இடம் வரும், அதற்காக அன்றைய நாளளவில் அந்த இரண்டும் இல்லாமல் போய்விடாது. வயிற்றுக்குள் போன மீனும் அன்றைக்குப் பிடித்த மீன்தான். இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், இரண்டிலும் எது இறுக்குகிறதோ அதுதான் உங்கள் எல்லை. வீட்டு பிறீசரில் போன மாதத்து ஆறு பாஸ் கிடந்தால், கொட்டேஜுக்குப் புறப்படும்போதே உங்கள் கையிருப்பு நிரம்பிவிட்டது. போகும் முன் பிறீசரைத் திறந்து எண்ணிப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

எந்தக் கணத்தில் ஒரு மீன் "எண்ணப்படுகிறது" என்பதிலும் குழப்பம் இருக்கிறது. தூண்டிலிலிருந்து கழற்றி உடனே உயிரோடு விட்டால் அது கணக்கில் வராது. வாளிக்குள் போட்டாலோ, கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டாலோ, அந்தக் கணமே எண்ணப்பட்டுவிட்டது. பிறகு பெரியது ஒன்று வந்தவுடன் வாளியிலிருக்கும் சிறியதை எடுத்து ஏரிக்குள் போட்டுக் கணக்கைச் சரிப்படுத்துவது நிறையப் பேர் செய்யும் வேலை. அந்தச் சிறிய மீன் அரை மணித்தியாலமாகச் சூடான வாளித் தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. விட்டவுடன் பக்கவாட்டில் சரிந்து மிதந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மீனின் பெயரில் பத்து செத்துப்போகும். மாற்றிக்கொள்ள ஒரேயொரு வழிதான் சட்டத்தில் இருக்கிறது: ஸ்போர்ட் லைசன்ஸோடு, இயந்திரத்தால் காற்றூட்டும் தொட்டி உள்ள படகிலிருந்து பிடிக்கிறவர், பாஸ், பைக், வாலாய் மீன்களைத் தொட்டியில் வைத்திருந்து, வேண்டாததைத் தெரிந்தெடுத்து உயிரோடு விடலாம். எந்த நேரத்திலும் தொட்டியில் அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. கரையில் வாளியோடு நிற்கிறவருக்கு இது பொருந்தாது.

பெயர் வேறு என்றால் கணக்கும் வேறு என்று நினைப்பது இன்னொரு பிழை. பெரியவாய் பாஸும் சிறியவாய் பாஸும் சேர்த்துத்தான் ஆறு. ட்ரௌட், சால்மன் வகைகளுக்கும் தனித்தனி அளவுகளுக்கு மேலே ஒரு மொத்த அளவு இருக்கிறது.

இனி இடம். ஒன்ராறியோவை இருபது மீன்வள வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சிம்கோ 16இல், றைஸ் லேக் 17இல், ஒன்ராறியோ ஏரி 20இல். காரில் ஒரு மணித்தியாலம் ஓடினால் வலயம் மாறும், காலமும் அளவும் மாறும். 17ஆம் வலயத்தில் வாலாய்க்கு இடைப்பட்ட அளவு மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், அதைவிடச் சிறியதையும் பெரியதையும் விட்டுவிடவேண்டும். பெரியதை ஏன் விடவேண்டும் என்று கேட்பார்கள். பெரிய பெண் வாலாய் அவ்வளவு கூடுதலாக முட்டை இடும், அதனால்தான். பாஸுக்குத் தெற்கு ஒன்ராறியோவில் யூன் மாதத்தின் பிற்பகுதி வரை வைத்துக்கொள்ளும் காலம் திறக்காது. இந்த மீனில் ஆண்தான் கூட்டைக் காவல் காக்கும். அதைத் தூக்கிவிட்டால் சில நிமிடங்களில் சன்பிஷ் கூட்டம் வந்து முட்டையைத் தின்றுவிடும்.

வலயத்துக்குள்ளும் ஏரிக்கு ஏரி விதிவிலக்கு உண்டு. 16ஆம் வலயத்தில் பொதுவாக வைட்பிஷ் பன்னிரண்டு, அதே வலயத்திலிருக்கும் சிம்கோவில் இரண்டுதான். வலயப் பக்கத்தைப் படித்துவிட்டு விதிவிலக்குப் பட்டியலைப் புரட்டாமல் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். சிம்கோவில் ஹெரிங் என்று ஒரு மீன் உண்டு, சிஸ்கோ என்றும் சொல்வார்கள். அது அருகிப்போய் 2001இல் பிடிப்பதையே நிறுத்தினார்கள். 2015இல்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் ஆளுக்கு இரண்டு என்று. பதினாலு வருடம் காத்திருந்து கிடைத்த இரண்டு அவை. பனிக்கட்டியில் துளையிட்டு அதைப் பிடிக்கிற வயதான கனடாக்காரர்கள் அந்த இரண்டோடு எழும்பிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை வரும்.

விலாங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் விலாங்குக் கறி சாப்பிட்டவர்களுக்கு இங்கே தூண்டிலில் ஒன்று வந்தால் கை பரபரக்கும். அமெரிக்க விலாங்கு ஒன்ராறியோவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம், வருடம் முழுவதும் தடை. ஸ்ரேர்ஜன் மீனும் அப்படியே. தற்செயலாகத்தான் வந்தது, கொக்கியை விழுங்கிவிட்டது, எப்படியும் செத்துவிடும் என்று நினைத்தாலும் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. நூலை அறுத்து விட்டுவிடுங்கள்.

கடைசியாக, மீனை வெட்டும் விதம். ஏரிக்கரையிலேயே தலை வெட்டி, தோலுரித்து, கறிக்குத் துண்டுபோட்டு ஒரே பையில் அள்ளிக்கொண்டு வருவது நமக்கு வழக்கம். அதிகாரி பார்த்தால் என்ன இனம், எத்தனை மீன் என்று தெரியவேண்டும். நீள எல்லை உள்ள மீன் என்றால் அளக்கவும் முடியவேண்டும். எல்லாத் துண்டும் ஒரே கட்டியாக உறைந்து கிடந்தால் எண்ண முடியாது. நீங்கள் அளவுக்கு உள்ளேதான் பிடித்திருந்தாலும் அதுவே குற்றம்.

நாங்கள் இப்போது ஆளுக்கு ஒரு வாளி கொண்டுபோகிறோம், கைப்பிடியில் வெவ்வேறு நிற ரேப். அண்ணையின் வாளி சிவப்பு. நீள எல்லை உள்ளதை வாயை மூடி, வால் நுனிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அளந்து, வீடுவரும்வரை முழுதாகவே ஐஸில் வைக்கிறோம். மற்றதை இரண்டு பக்கச் சதையாக எடுத்து, ஒவ்வொரு சதையிலும் உள்ளங்கையில் பாதியளவு தோலை விட்டுவைத்து, ஒரு மீனின் இரண்டு சதையையும் ஒரு சின்னப் பையில் தட்டையாகப் போட்டு, மேலே பெயரும் திகதியும் எழுதி பிறீசரில் அடுக்குகிறோம். சாப்பிட எடுக்கும்போது பை பையாக எண்ணிவிடலாம். மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரிக்கும்போது அந்தத் தோல் துண்டு மட்டும் மொறுமொறுவென்று வரும், வீட்டில் பிள்ளைகள் முதலில் பிய்த்துச் சாப்பிடுவது அதைத்தான்.