பாந்தோல் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறீர்களா? பாந்தோலில் இறங்காதீர்கள்

போன செப்டம்பரில் நானும் என் மனைவியும் தெற்கு பிரான்ஸின் கடலோர ஊரான பாந்தோலின் ஸ்டேஷனில் இறங்கி, ஒயினுக்குப் பேர்போன திராட்சைத் தோட்டங்களைத் தேடினோம். படகுத்துறை இருந்தது, ஐஸ்கிரீம் கடைகள் இருந்தன, மண்டையைப் பிளக்கும் வெயில் இருந்தது. கொடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டாம் முறை போனபோதுதான் சரியாக அமைந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மார்செய் வரை எப்படி வருவது என்பது உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. ஸ்டேஷன்

பாந்தோல் என்பது துறைமுகத்தின் பெயர். சுற்றியுள்ள ஊர்களின் ஒயின் பீப்பாய்கள் இங்கிருந்துதான் கப்பல் ஏறின, அதனால் ஒயினுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1941இல் கிடைத்த ஏ.ஓ.சி. அங்கீகாரமும் (எந்த ஊர் ஒயின் என்பதற்கான பிரெஞ்சு அரசு முத்திரை) இதே பெயரில்தான். ஆனால் அதில் எட்டு ஊர்கள் அடக்கம். நீங்கள் பார்க்க ஆசைப்படும் தோட்டங்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, லா காதியேர், லெ காஸ்தெலே என்ற இரண்டு குன்று ஊர்களின் பக்கம் இருக்கின்றன. ஆகவே மார்செயிலிருந்து தூலோன் போகும் டி.இ.ஆர். என்ற உள்ளூர் ரயிலில் பாந்தோலுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிவிடுங்கள். போர்டில் 'சேன்-சீர்-லே லெக்-லா காதியேர்' என்று நீளமாக எழுதியிருக்கும். போனில் 'பாந்தோல்' என்று மட்டும் தட்டினால் அது உங்களைப் படகுத்துறைக்கே கூட்டிப்போகும். தோட்டத்தின் முழுப் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

2. நேரம்

தோட்டத்துக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். மத்தியானம் 12 மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடினால் 2 மணிக்கு மேல்தான் கதவு திறக்கும். செப்டம்பர் வேண்டாம், அது அறுவடைக் காலம். இங்கே இயந்திர அறுவடைக்கு அனுமதி கிடையாது, எல்லாம் கையால்தான். அந்த நேரத்தில் உங்களுக்கு ஒயினைச் சுவைக்க ஊற்றிக் கொடுக்க ஆள் இருக்க மாட்டார்கள். மே, ஜூன் நல்லது.

3. வண்டி

டாக்ஸி. வாடகை காரில் வந்தால் ஓட்டுகிற ஒருவர் குடிக்க முடியாமல் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அது நான்தான்.

4. குடிப்பது, இல்லை, துப்புவது

ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயின், வெள்ளை ஒயின் இரண்டையும் முதலில் முடித்துவிட்டுச் சிவப்புக்கு வாருங்கள். இங்கே விளைவதில் பெரும்பகுதி ரோஸேதான். ஆனால் என்னைக் கேட்டால், அவ்வளவு தூரம் போவது சிவப்புக்காக.

அந்தச் சிவப்பில் குறைந்தது பாதி மூர்வேத்ர் என்ற திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகப் பழுக்கும் வகை இது, வெயில் கேட்கும், வேர்ப்பக்கம் ஈரமும் கேட்கும். 'தலை வெயிலில், கால் தண்ணீரில்' என்று அங்கே சொல்வார்கள். பூச்சி நோயால் 19ஆம் நூற்றாண்டில் கொடிகள் அழிந்த பிறகு, அதிகம் காய்க்கும் வேறு வகைகளுக்குப் பலர் மாறிவிட்டார்கள். தொமேன் தெம்பியே என்ற ஒயின் தோட்டத்துக் குடும்பத்தில் 1936இல் மாப்பிள்ளையாக வந்த லூசியன் பேரோதான் மூர்வேத்ரை மறுபடி நட வைக்கப் பாடுபட்டவர். கல்லடுக்குச் சுவர் கட்டிய படிக்கட்டு நிலங்களை அங்கே 'ரெஸ்தாங்க்' என்பார்கள். அங்கே நின்று பாருங்கள், மிஸ்த்ரால் என்ற வறண்ட வடக்குக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். இலை ஈரமாகி அழுகாமல் காப்பதும் அந்தக் காற்றுதான்.

சரி, துப்புவதற்கு வருவோம். பல ஒயின்களைச் சுவைக்கும்போது போதை ஏறாமலிருக்க, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். முதல் இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினேன். மூன்றாவது இடத்தில் ரோஸேக்கும் சிவப்புக்கும் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. மேசை மேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நம் பாட்டிமார் வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம் மாதிரிதான், கூச்சப்பட ஒன்றுமில்லை. உதட்டைக் குவித்து, குனிந்து, ஒரே வீச்சில் துப்புங்கள். தயங்கினால் தாடையில் வழியும். வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

5. வாங்குவது

சிவப்பு குறைந்தது 18 மாதம் மரப் பீப்பாயில் இருந்துவிட்டுத்தான் விற்பனைக்கு வரும். அப்போதும் முரட்டுத்தனம் போயிருக்காது. திறந்ததும் தோல் செருப்புக் கடை வாசனை அடித்தால் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். இதற்கென்று விற்கும் காற்றேற்றும் கருவி எதுவும் தேவையில்லை, நான் காசைக் கொட்டி வாங்கியது அலமாரியில் தூங்குகிறது. பழைய வருடத்து பாட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவும் தயங்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம் என்று சென்னையிலிருந்து வந்து போன ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். பாட்டில் 750 மில்லி, ஆக இரண்டு. கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். ஜீன்ஸுக்குள் சுருட்டிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள்.