சீரோலாகன்: பேட்ச் போட்ட பிறகும் நடக்கும் தவறுகள்

விண்டோஸ் டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள அலுவலகக் கணினிகளின் குழுவில்) ஒரு கணினியும், எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரும் ஒன்றையொன்று அடையாளம் சரிபார்க்க நெட்லாகன் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதிலிருந்த சிவிஇ-2020-1472 என்ற பட்டியல் எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஆகஸ்ட் 11 அன்று பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) வெளியிட்டது. செப்டம்பரில் செக்யூரா என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டாம் டெர்வூர்ட் முழு விவரத்தையும் எழுதிய பிறகுதான் 'சீரோலாகன்' என்று உலகமே பேசியது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை அவசர உத்தரவு போட்டு, திங்கள் இரவுக்குள் அரசுத் துறைகள் பேட்ச் போட்டு முடிக்க வேண்டும் என்றது.

முதல் தவறு, வகைப் பெயரைப் பார்த்து ஏமாறுவது. 'உரிமை உயர்வு' என்று பட்டியலில் இருந்தால், ஏற்கெனவே லாகின் வைத்திருப்பவருக்குத்தானே பயன்படும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். இதற்கு லாகினே தேவையில்லை. கணினி தனக்குப் பாஸ்வேர்டு தெரியும் என்று காட்ட, தானே தேர்ந்தெடுக்கும் 8 பைட் சவால் ஒன்றை ஏஇஎஸ்-சிஎஃப்பி8 என்ற முறையில் மறையாக்கி அனுப்புகிறது. அந்த முறையின் தொடக்க மதிப்பு ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். நெட்லாகனிலோ அது எப்போதும் பூஜ்யம். அதனால் (ஒவ்வொரு முயற்சிக்கும் மாறும்) 256 சாவிகளில் ஒன்றுக்கு, முழுக்கப் பூஜ்யமான சவாலுக்கு விடையும் முழுக்கப் பூஜ்யமாகவே வரும். கணினிக் கணக்குகள் தவறான முயற்சிகளால் பூட்டப்படுவதும் இல்லை. பூஜ்யங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினால் சுமார் 3 விநாடியில் உள்ளே போய்விடலாம். அப்புறம் டொமைன் கன்ட்ரோலரின் சொந்தக் கணக்குப் பாஸ்வேர்டையே வெறுமையாக்கி, டொமைனில் உள்ள எல்லோருடைய பாஸ்வேர்டு ஹாஷ்களையும் (பாஸ்வேர்டுகளை உருமாற்றிச் சேமித்த வடிவம்) அள்ளிவிடலாம்.

ஃபயர்வாலை நம்பி இருப்பதும் இதே ரகம்தான். டொமைனில் உள்ள ஒவ்வொரு கணினியும் கன்ட்ரோலரோடு பேசியே ஆக வேண்டும். அந்த வழியை அடைக்க முடியாது. மோசடி மெயிலைத் திறந்த ஒரு லேப்டாப் போதும்.

பேட்ச் போடும்போது தலைமை அலுவலக சர்வர்களை முடித்துவிட்டு, கிளையில் இருக்கும் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும் இயலும்) கன்ட்ரோலரையும் பேரிடர் மையத்தில் ஓடுவதையும் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸுக்குப் பதில் சாம்பா என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை டொமைன் கன்ட்ரோலராக வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். 4.8 பதிப்பு முதல், பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கும் 'சர்வர் எஸ்சேனல்' அமைப்பு இயல்பாகவே 'யெஸ்'தான். ஆனால் யாரோ எப்போதோ அதை 'நோ' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றியிருந்தால் ஓட்டை அப்படியே இருக்கும்.

என்னைக் கேட்டால், நீண்ட காலம் ஆபத்தாக நிற்பது விதிவிலக்குப் பட்டியல்தான். ஆகஸ்ட் பேட்ச், பழைய முறையில் பேசும் விண்டோஸ் அல்லாத கருவிகளைத் தடுக்கவில்லை. 5829 என்ற எண்ணில் பதிவு மட்டும் செய்தது. 2021 பிப்ரவரி 9 அப்டேட்டுக்குப் பிறகுதான் தடுப்பு கட்டாயமானது. அன்று பழைய ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று டொமைனில் சேர மறுத்தால், குரூப் பாலிசி என்ற டொமைன் விதிகளில் அதன் கணக்கைச் சேர்த்து 'இப்போதைக்கு' அனுமதிப்பார்கள். அந்த 'இப்போதைக்கு' ஆண்டுக்கணக்கில் நீளும். பட்டியலில் உள்ள கணக்குகள் பாதுகாப்பற்ற பழைய முறையிலேயே பேசும், தாக்குதலுக்குத் திறந்தே இருக்கும். அவசரத்தில் டொமைன் கணினிகள் அனைத்தும் அடங்கிய குழுவையே சேர்த்துவிட்டால், அந்தக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பேட்ச் தரும் பாதுகாப்பு குறைந்துவிடும். கன்ட்ரோலரின் சிஸ்டம் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) 5830, 5831 எண்களைத் தேடுங்கள். இன்றும் விலக்கோடு உள்ளே வருபவை தெரிந்துவிடும். அவற்றை அப்டேட் செய்யுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள்.

இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் தாக்குதல் நிரலை ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரில் 'டெஸ்ட்' செய்து பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். டொமைனின் கணக்குப் பட்டியலான டைரக்டரியில் கன்ட்ரோலரின் பாஸ்வேர்டு வெறுமையாகிவிடும், அந்த சர்வரின் ரெஜிஸ்ட்ரியிலோ பழையதே இருக்கும், கன்ட்ரோலர்களுக்கிடையே தகவலை நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் உடையும். செக்யூரா வெளியிட்ட சோதனை நிரல் பாஸ்வேர்டில் கை வைக்காது.

கடைசியாக, பேட்ச் தாமதமாகியிருந்தால் ஏற்கெனவே உள்ளே வந்தவரை அது வெளியேற்றாது. செக்யூரிட்டி லாகில் 4742 பதிவுகளைப் பாருங்கள்: கன்ட்ரோலர் கணக்கின் பாஸ்வேர்டை 'அனானிமஸ் லாகன்' மாற்றியதாக இருந்தால், ஹாஷ்கள் களவு போனதாகவே கருதி வேலையைத் தொடங்குங்கள். அட்மின் பாஸ்வேர்டுகளோடு லாகின் டிக்கெட்டுகளுக்கு (உள்நுழைந்தவருக்குத் தரும் அனுமதிச் சீட்டுகளுக்கு) அடிப்படையான கேஆர்பிடிஜிடி கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். கேஆர்பிடிஜிடிக்கு முந்தைய பாஸ்வேர்டும் செல்லுபடியாகும் என்பதால் அதை இரண்டு முறை மாற்ற வேண்டும். நடுவில் டிக்கெட்டின் இயல்பான ஆயுளான 10 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.