கூரையில் வைஃபை ஆன்டெனா: பி.வி.சி. பைப்பில் தாங்கி செய்யும் முறை

வைஃபை கருவியோடு வரும் தாங்கிகள் பெரும்பாலும் சிமென்ட் கூரையையோ ஃபால்ஸ் சீலிங்கையோ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. குமரி மாவட்டத்தில் இன்றும் நிறைய இருக்கும் ஓட்டு வீடுகளின் உத்திரத்திலும் கழுக்கோலிலும் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) அவை சரியாகப் பொருந்துவதில்லை. கிடைக்கும் பொருள்களைக் கொண்டே உறுதியான தாங்கி ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

தேவையானவை: ஒயரிங் வேலைக்குப் பயன்படும் 25 மி.மீ. விட்டமுள்ள கனத்த பி.வி.சி. பைப் இரண்டு துண்டுகள், நான்கு பிளாஸ்டிக் கிளாம்புகள், ஒரு சாண் சதுரமுள்ள அயனி மரப் பலகை, போல்ட், நட், ஸ்க்ரூ, மெல்லிய நைலான் கயிறு.

தகரத்தை வளைத்துத் தாங்கி செய்யும் பழக்கம் பரவலாக உள்ளது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அடுத்த அறையில் சிக்னல் மிகவும் குறைந்துபோனது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. மட்டுமே, அந்தத் தொலைவுக்குள் உலோகத் தகடு இருந்தால் அது ஆன்டெனாவின் இயல்பையே மாற்றி, அலை பரவும் திசையையும் குலைத்துவிடும். எனவே தகரம், இரும்புக் குழாய், மின்விசிறி ஆகியவற்றிலிருந்து ஆன்டெனா குறைந்தது ஒரு சாணாவது விலகியிருக்கட்டும்.

முதலில் பைப்பின் ஒரு முனையை நான்கு விரல் அளவுக்குக் கொதிக்கும் நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தி வையுங்கள். அது இளகியதும் கையுறை அணிந்து எடுத்து, இரண்டு பலகைகளுக்கு இடையில் அழுத்தித் தட்டையாக்கி, சூடு ஆறுவதற்குள் செங்கோணமாக மடித்து, குளிர்ந்த நீரில் நனையுங்கள். நேரம் மிச்சமாகும் என்று அடுப்புத் தீயில் காட்ட வேண்டாம், பி.வி.சி. கருகினால் நுரையீரலைப் புண்ணாக்கும் அமில வாயு வெளியேறும். இரண்டு துண்டுகளும் ஒரே நீளமாக, சுமார் இரண்டு அடி இருக்கட்டும்.

அடுத்து, மடித்த பாதங்களில் துளையிட்டுப் பலகையை போல்ட்டால் இணையுங்கள். உத்திரத்தின் இரு பக்கங்களிலும் பைப்புகளை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளாம்புகள் அடியுங்கள். ஒரே கிளாம்பு போதும் என்று விட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாள்களில் பலகை ஆடி ஆடி ஸ்க்ரூ தளர்ந்துவிடும். சிமென்ட் கூரையானால் பைப்புகளைக் குட்டையாக நறுக்கி, மேல் முனைகளையும் இதேபோல் மடித்து, 6 மி.மீ. துளையில் பிளக் வைத்து முறுக்குங்கள். ஆனால் மின்விசிறிக்குச் செல்லும் ஒயர் கூரைக்குள் ஓடும் பாதையை உறுதிசெய்யாமல் துளையிடக் கூடாது. மெயினை அணைத்துவிட்டே ஏணியில் ஏறுங்கள், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்கட்டும்.

ஸ்க்ரூவில் சிக்கனம் பார்க்காதீர்கள். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வீட்டுக்குள்ளும் வருவதால், துத்தநாகப் பூச்சுள்ள ஸ்க்ரூ விரைவில் துருப்பிடித்து, தலை முறிந்து, கழற்றவே முடியாமல் போகும். எவர்சில்வர் ஸ்க்ரூவே வாங்குங்கள். 304 வகை கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களுக்குப் போதும், கடலையொட்டிய வீட்டுக்கு மாலிப்டினம் கலந்த 316 வகை நல்லது.

கருவியை மாட்டுவதற்கு முன், இரண்டு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை ஓர் இரவு முழுவதும் பலகையில் தொங்கவிடுங்கள். காலையில் கிளாம்பு அசையாமல், பாதம் நிமிராமல் இருந்தால் தாங்கி தேறிவிட்டது. அதன்பின் கருவியைப் பலகையின் அடிப்பக்கம் பொருத்தி, பலகையையும் உத்திரத்தையும் நைலான் கயிற்றால் தனியாகவும் பிணைத்துவிடுங்கள். மீன்வலைக் கயிறே இதற்குப் போதும். கிளாம்பு என்றாவது விட்டுப்போனாலும் கருவி கீழே இருப்பவர் தலையில் விழாது.

குச்சி ஆன்டெனாக்களை நேராகக் கீழ்நோக்கி நிறுத்துங்கள். அவற்றின் அலை உளுந்துவடை வடிவில் பக்கவாட்டில் பரவுகிறது. குச்சியின் நுனி காட்டும் திசையில்தான் மிகவும் குறைவு. அதனால் படிக்கும் மேசைக்கு நேர் மேலே மாட்டாமல் சற்றுத் தள்ளி மாட்டுவதே பயன் தரும்.

கடைசியாக கேபிள். கருவியில் நுழைவதற்கு முன் அதை ஒரு முறை தொங்கலாக வளைத்துவிடுங்கள். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், ஓட்டிடுக்கில் ஒழுகி கேபிள் வழியே வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கருவிக்குள் இறங்காது.