ஆளுக்கொரு நாட்டுல இருந்துட்டு ஒரே வேலைய சேர்ந்து பாக்குறது எப்படி

முதல்ல விட வேண்டியது தனி சாட்ல முடிவு எடுக்குற பழக்கம், ரெண்டு பேர் பேசி முடிச்சது மத்தவங்களுக்கு தெரியாமலே போயிடும், பொது சேனல்லயே பேசுங்க. முடிவானதும் என்ன முடிவு, ஏன் அப்படி, யார் செய்யப்போறாங்க, எப்போக்குள்ளனு நாலு வரி எல்லாரும் பாக்குற டாக்குமெண்ட்ல எழுதிடுங்க, இது ரொம்ப ரொம்ப முக்கியம், ஏன்னா அப்போ தூங்கிட்டு இருந்தவர் எழுந்து வந்து யாரையும் கேக்காம வேலைய தொடரணும்.

கோட் எழுதுற டீம்னா கிட் (Git) கத்துக்கோங்க, கோட்ல யார் எத எப்போ மாத்துனாங்கனு பதிவு வச்சுக்குற மென்பொருள் அது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப்பகுதியான கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல எழுதுனது, ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் முழு வரலாறும் இருக்கும், நெட் இல்லாமலும் வேலை பாத்துட்டு அப்புறம் சேத்துக்கலாம், எனக்கு இது இன்னைக்கும் ஆச்சரியம்தான். மாத்துனத சின்னச்சின்னதா அனுப்புங்க, ஏன் மாத்துனீங்கன்னும் எழுதுங்க.

"நாளைக்கு காலைல"னு சொல்லாதீங்க, யாரோட காலை? 14:00 யுடிசினு (UTC, உலகம் முழுக்க பொதுவா வச்சிருக்குற நேரம்) போடுங்க. மீட்டிங் நேரத்த மாத்தி மாத்தி வைங்க, ஒரே ஆளே எப்பவும் ராத்திரி முழிக்கக்கூடாது.

பதில் வர ஒரு நாள் ஆகலாம், அதனால கேள்வி கேக்கும்போதே என்ன ட்ரை பண்ணீங்க, எர்ரர் என்ன வந்துச்சு, பதில் வரலனா எத செய்யப்போறீங்க எல்லாத்தையும் சேத்தே எழுதிடுங்க.