வலி இல்லையென்றால் பித்தப்பை நலமா? நீரிழிவு உள்ளவர்கள் செய்யும் தவறுகள்

நீரிழிவு நரம்பைக் கெடுக்கும் என்றதும் பாத எரிச்சலும் மரத்துப்போதலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் வயிற்றுக்குள் ஓடும் நரம்புகளையும் அது விட்டுவைப்பதில்லை. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியதும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். அதுவும், மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பும் சேர்ந்து பித்தப்பையைச் சுருக்கி, உள்ளே இருக்கும் 30 முதல் 50 மில்லி பித்தநீரில் பெரும்பகுதியை வெளியே தள்ளுகின்றன. நரம்பு நலிந்தால் பை அரைகுறையாகத்தான் சுருங்கும். தேங்கிய பித்தநீர் முதலில் சேறு போலக் கெட்டிப்படும், பிறகு கல்லாகலாம்.

இதில் மிகப் பெரிய தவறு, வலியை வைத்து நோயின் தீவிரத்தை அளப்பது. வலது விலாவுக்குக் கீழே மருத்துவர் விரலை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்வார். பித்தப்பை வீங்கியிருந்தால் வலி தாங்காமல் மூச்சு பாதியில் நின்றுவிடும். நரம்பு பழுதானவரோ சாதாரணமாக மூச்சை இழுத்துவிடக்கூடும். உள்ளே திசு அழுகத் தொடங்கியிருந்தாலும் அவருக்கு இலேசான அசௌகரியம் மட்டுமே தெரியலாம். பித்தப்பைச் சுவருக்குள் கிருமிகள் வாயுவை உண்டாக்கும் ஆபத்தான அழற்சி, நீரிழிவு உள்ளவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. ஆகவே காய்ச்சல், குளிர்நடுக்கம், வாந்தி, கண்ணில் மஞ்சள், காரணமின்றி எகிறும் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், வலிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பிட்டதும் வயிறு உப்பினால் வாயு மாத்திரை போட்டு மாதக்கணக்கில் ஒப்பேற்றுவதும் நடக்கிறது. இரைப்பை மந்தமும் (உணவு இரைப்பையிலிருந்து மெதுவாக வெளியேறுவது) இப்படித்தான் காட்டும், பித்தப்பைக் கோளாறும் இப்படித்தான் காட்டும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது: மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சிரைப்பும் வந்தால் அதைப் பித்தப்பையின் தலையில் கட்டாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம், முதலில் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

கல்லுக்குப் பயந்து கொழுப்பை அறவே ஒதுக்குபவர்களும் உண்டு. கொழுப்பே வராவிட்டால் பை சுருங்க வேண்டிய தேவையே எழாது, தேக்கம்தான் கூடும். நீண்ட பட்டினியும் மளமளவென்று எடை குறைப்பதும் அப்படியே. சர்க்கரையையும் எடையையும் குறைக்கப் போடும் செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகளுக்கும் பித்தப்பைக் கோளாறுகளுக்கும் தொடர்பு பதிவாகியிருக்கிறது. அதற்காக ஊசியை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்ததும் அறுவைக்கு அவசரப்படுவதும் சரியல்ல. நீரிழிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, தொல்லை தராத கல்லுக்குப் பித்தப்பையை எடுப்பது வழக்கமான பரிந்துரை இல்லை. பை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த நேரத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலோ, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணி உடலில் இருந்தாலோ, நல்ல பித்தப்பையும் மந்தமாகத் தெரியலாம். சோதனைக்கு நாள் குறிக்கும்போதே நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.