விடுப்பில் போகிறவரை நிம்மதியாகப் போகவிடுவது எப்படி?

விடுப்புக் கேட்டு வந்து நிற்பவரிடம் மேலாளர் சொல்லும் முதல் வார்த்தையைப் பொறுத்தே, அடுத்த முறை அவர் உள்ளதைச் சொல்லிக் கேட்பாரா, வராத காய்ச்சலைச் சொல்லிக் கேட்பாரா என்பது அமைகிறது. "இந்த நேரத்திலா?" என்று முகம் சுளித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போட்டாலும், அவர் மனத்தில் தங்குவது அந்தச் சுளிப்புத்தான். எத்தனை நாள் வேண்டும், கையில் என்ன வேலை இருக்கிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். காரணத்தை அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

தம் பிரிவில் யாருக்கு என்ன உரிமை உண்டு என்பதை மேலாளர் அறிந்து வைத்திருந்து, கேட்கப்படும் முன்பே எடுத்துச் சொல்ல வேண்டும். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வகுத்துவிட்டது. மகப்பேறு விடுப்பு, 2017ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி உரிய மருத்துவச் சான்று பெற்றால், நோய்க்காலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை பெற இடமுண்டு. இதை யாரும் சொல்லாததால் சம்பளப் பிடித்தத்தோடு படுத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பண்டிகை விடுப்பைத் தள்ளிப்போடாமல் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் தொடங்குகிறது. பொங்கலுக்காக ஜனவரி 13 அன்று சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் ஏற வேண்டியவர் நவம்பர் நடுவிலேயே டிக்கெட் எடுத்தாக வேண்டும் என்பதால், டிசம்பர் கடைசியில் கிடைக்கும் அனுமதியால் அவருக்குப் பயனில்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்ப இயலாதபோது, சென்ற ஆண்டு வேலையில் நின்றவருக்கு இந்த ஆண்டு முதலிடம் என்று முறை வைத்து, அதைப் பலகையில் எழுதிப் போடுங்கள். கல்யாணம் ஆகாதவர்தானே என்று ஒரே ஆளை ஆண்டுதோறும் நிறுத்திவைப்பது பெரிய அநியாயம்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய இடம் பொறுப்பு ஒப்படைப்பு. என் தந்தை இறந்த மூன்றாம் நாள், உறவினர்கள் சூழ்ந்திருந்த வீட்டுத் திண்ணையில் என் கைபேசி ஒலித்தது; நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து, ஒரு கோப்பு இருக்கும் அலமாரியின் சாவி எங்கே என்று கேட்டார்கள். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சாவி எங்கே இருக்கும் என்பது என் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்படி வேலையை அமைத்திருந்ததுதான் தவறு. விடுப்புக்கு இரண்டு நாள் முன்பாகவே மாற்று ஆளை அருகில் உட்காரவைத்து, நிலுவை வேலை, வாடிக்கையாளர் பெயர்கள், சாவி, கடவுச்சொல் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சாவும் விபத்தும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு வேலையையும் இன்னொருவருக்குச் சாதாரண நாள்களிலேயே பழக்கி வைப்பதுதான் நிரந்தர வழி. மாற்று ஆளின் சுமையில் ஒரு பகுதியைக் குறைக்காமல் இதைச் செய்தால், போனவர் மேல் அவருக்கு மனத்தாங்கல் வரும். விடுப்பில் இருப்பவரை அழைத்தே தீர வேண்டிய அவசரம் வந்தால் மேலாளர் மட்டுமே அழைக்க வேண்டும். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவர் பதில் போடாததை யாரும் குறையாகப் பேச விடாதீர்கள்.

துக்க வீட்டில் இருப்பவர் பதினாறாம் நாள் காரியம் வரை ஊரிலேயே தங்க நேரலாம். "எப்போது வருவீர்கள்?" என்று அவரைக் கேட்பதற்குப் பதிலாக, கணக்கில் எத்தனை நாள் இருக்கிறது, மீதியை எந்த விடுப்பில் சேர்க்கலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வரும் நாளின் முற்பகலில் கூட்டம் எதுவும் வைக்காமல், இடையில் நடந்தவற்றை மாற்று ஆள் சொல்ல அவகாசம் கொடுங்கள். மகப்பேறு முடிந்து வருகிறவருக்குக் குழந்தை 15 மாதம் நிறையும் வரை, பாலூட்டுவதற்கென நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு; அந்த நேரங்களை அவரிடமே கேட்டு, முதல் நாளிலேயே வேலை அட்டவணையில் குறித்துவிடுங்கள்.