பெரிய ஸ்லிங் பை வாங்குவது எப்படி? மும்பை லோக்கலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் ஒரே பை

ஒரு தோளில் மாட்டி, வாரை மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளும் பைதான் ஸ்லிங் பை. போனும் பர்ஸும் மட்டும் கொள்ளும் குட்டிப் பைகள் 2, 3 லிட்டர் இருக்கும். அவற்றை இங்கே விட்டுவிடுவோம். நான் சொல்லப்போவது 6 முதல் 10 லிட்டர் வரையிலான பெரிய பைகளைப் பற்றி. ஆபீஸுக்கும் ஆகும், ஊருக்குப் போகும்போது பெட்டிக்குத் துணையாகவும் வரும்.

கடைக்காரரும் இணையக் கடையும் முதலில் லிட்டர் கணக்கைத்தான் சொல்வார்கள். மும்பையில் இருப்பவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பையின் தடிமன். 40 செ.மீ. நீளம், 25 உயரம், 10 தடிமன் உள்ள பை 10 லிட்டர். 28 நீளம், 20 உயரம், 18 தடிமன் உள்ள பையும் ஏறக்குறைய அதே 10 லிட்டர்தான். முதல் பை மார்போடு ஒட்டிக் கிடக்கும். இரண்டாவது, காலை எட்டரை மணி லோக்கல் ரயிலில் முன்னால் நிற்பவரின் முதுகில் போய் முட்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

படி 1: சாமான்களைத் தரையில் பரப்புங்கள்

பை பார்க்கப் போகும் முன் இதைச் செய்யுங்கள். தினமும் கொண்டுபோவதை எல்லாம் பாயிலோ கட்டிலிலோ பரப்பி வையுங்கள். போன், பர்ஸ், சாவி, ரயில் பாஸ், கண்ணாடிக் கூடு, சார்ஜர், பவர் பேங்க், மூன்று மடிப்புக் குடை, தண்ணீர் பாட்டில், மாத்திரை. டிபன் பாக்ஸ் உண்டா இல்லையா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பையின் தடிமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். வட்ட எவர்சில்வர் டப்பாவோடு ஸ்லிங் பை ஒத்துப்போகாது. தட்டையான செவ்வக டப்பாவுக்கு மாறுங்கள், அல்லது சாப்பாட்டுக்குத் தனித் துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். டோம்பிவிலியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வரும் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

அப்புறம் பயணக் குவியல். இதற்கு ஒரு எளிய கேள்வி போதும். தாதர்-திருநெல்வேலி வண்டியில் போகிறீர்கள், புணேயில் டீ குடிக்க இறங்குகிறீர்கள். பெட்டி சீட்டுக்கு அடியில் சங்கிலியில் கிடக்கிறது. அப்போது எதையெல்லாம் விட்டுவிட்டு இறங்க மனம் வராது? பணம், ஆதார் அட்டை, போன், சார்ஜர், மருந்து, நகை இருந்தால் நகை. இவைதான் ஸ்லிங் பைக்கு உரியவை. மாற்று உடையும் முறுக்கு டப்பாவும் பெட்டியிலேயே இருக்கட்டும். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிப் பார்த்தால், 10 லிட்டர் வேண்டும் என்று வந்தவர்களில் பலருக்கு 7 லிட்டரே போதும் என்று தெரிந்துவிடும்.

படி 2: எடை போடுங்கள்

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் குவியலை ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு இல்லாமல் ஏறுங்கள். வித்தியாசம்தான் சுமை. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. 13 இஞ்ச் மெல்லிய லேப்டாப் ஒன்றேகால் கிலோ சுமார். சார்ஜரும் பவர் பேங்கும் சேர்ந்து அரை கிலோவைத் தாண்டும். இதோடு பையின் சொந்த எடையும் உண்டு. பஞ்சு வைத்துத் தைத்த பெரிய பைகள் காலியாகவே முக்கால் கிலோ வரும்.

ஸ்லிங் பை முழுப் பாரத்தையும் ஒரே தோளில் இறக்குகிறது. என் கணக்கில் மொத்தம் 3 கிலோ வரை நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம். 4 கிலோவைத் தாண்டினால் பேசாமல் முதுகுப் பை வாங்கிவிடுங்கள். கழுத்து வலி ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுவது நல்லது.

படி 3: செருப்புக் கடை அட்டைப்பெட்டியை மாட்டிப் பாருங்கள்

பை அளவைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஷூ வாங்கிய காலி அட்டைப்பெட்டி எங்காவது பரணில் இருக்கும். பெரியவர்கள் ஷூ பெட்டி சுமார் 33 செ.மீ. நீளம், 20 அகலம், 12 உயரம் இருக்கும். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 8 லிட்டர். நாம் தேடும் அளவும் அதுதான்.

உங்கள் சாமானை அதற்குள் அடுக்குங்கள். மூடி போட்டு, பழைய துப்பட்டாவாலோ கயிற்றாலோ கட்டி, மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. இப்போது மூன்று காரியம் செய்து பாருங்கள்: சமையலறை வாசலில் இன்னொருவர் நிற்கும்போது அவரைத் தாண்டிப் போங்கள், நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வையுங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். குனியும்போது பெட்டி முன்னால் ஊசலாடி முழங்காலில் இடித்தால் கட்டு நீளமாக இருக்கிறது. உட்காரும்போது தாடைக்குக் கீழ் வந்து நின்றால் பெட்டி உயரம் அதிகம்.

பெட்டி பாதி காலியாக இருந்தால் 5, 6 லிட்டர் பார்க்கலாம். மூடி மூடவில்லை என்றால், உடனே பெரிய பைக்குத் தாவாமல் குவியலுக்குத் திரும்பிப் போய் எதை எடுக்கலாம் என்று பாருங்கள்.

தடிமனுக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் லோக்கலில் போகிறவருக்கு நிரப்பிய நிலையில் 12 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கார், ஆட்டோ, கூட்டம் குறைந்த நேர மெட்ரோ என்று போகிறவர்கள் 15 வரை போகலாம்.

லேப்டாப் அல்லது டேப்லெட் உண்டென்றால் ஒரு ஏ4 தாள் போதும். ஏ4 தாள் 29.7 செ.மீ.க்கு 21 செ.மீ. இன்றைய 13 இஞ்ச் லேப்டாப்கள் பலவும் கிட்டத்தட்ட அதே பரப்பு. கடையில் அந்தத் தாளை மடங்காமல் உள்ளே விட முடிகிறதா என்று பாருங்கள். ஜிப் திறக்கும் வாயும் அந்த அகலம் இருக்க வேண்டும். உள்ளே இடம் இருந்தும் வாய் சிறியதாக இருக்கும் பைகள் நிறைய.

படி 4: வாரைப் பாருங்கள்

அகலம் 4 முதல் 5 செ.மீ. இருந்தால் தோளில் அறுக்காது. 2.5 செ.மீ. வார் குட்டிப் பைக்குத்தான் சரி. மெத்தென்ற பஞ்சு முக்கியம் இல்லை, மும்பை வேர்வையில் தடிமனான பஞ்சு நாறும். காற்று போகும் வலைத்துணி வைத்த மெல்லிய பட்டையே நல்லது.

வாரின் நீளத்தை ஒரே கையால், பையைக் கழற்றாமல் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். வண்டியில் ஏறும்போது பையை மார்போடு இறுக்கிக்கொள்வோம். இறங்கி நடக்கும்போது தளர்த்தி இடுப்புப் பக்கம் தள்ளுவோம். ஸ்கூட்டரில் போனால் முதுகுக்குத் திருப்புவோம். ஒரு நாளில் பத்துத் தடவை நடக்கிற வேலை இது. மிச்ச வார் நுனி தொங்கிக்கொண்டிருந்தால் அதைச் சுருட்டி வைக்க ஒரு எலாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாதரில் கூட்டத்தோடு இறங்கும்போது தொங்குகிற எதுவும் எதிலாவது மாட்டும், அது ஆபத்து.

சில பைகள் இடது தோளுக்கு என்றே வடிவமைத்தவை, வலது தோளில் போட்டால் ஜிப் தலைகீழாக வரும். இரண்டு தோளிலும் போட்டுப் பாருங்கள். கடைசியாக, வார் பையோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். பெட்டி வடிவில் குறுக்குத் தையலோ, ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கிப் போட்ட தையலோ இருக்க வேண்டும். பை பிய்ந்தால் முதலில் பிய்வது அங்கேதான்.

படி 5: ஜிப்

ஜிப்புக்கு நம்பர் உண்டு. 3, 5, 8, 10 என்று போகும், மூடிய பற்களின் அகலத்தை மில்லிமீட்டரில் ஏறக்குறையச் சொல்லும் எண் அது. முக்கிய ஜிப் 8 அல்லது 10 இருந்தால் திருப்தி, 5 குறைந்தபட்சம். உள்பக்கச் சின்ன அறைக்கு 3 போதும். ஜப்பானின் ஒய்கேகே நிறுவனத்து ஜிப் நல்ல அடையாளம், ஆனால் அந்த எழுத்தைப் பொறித்த போலிகளும் சந்தையில் ஓடுகின்றன. அதனால் எழுத்தை நம்பாமல் கையை நம்புங்கள். பையை நிரப்பி, மூலை திரும்பும் இடத்தில் ஒரு விரலால் இழுங்கள். மூலையில் திக்கினால் தினமும் திக்கும்.

லோக்கலில் ஜிப்பின் ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் பகுதி) உங்கள் கைக்கு எதிரே, மூடிய நிலையில் உங்கள் பக்கமாக வந்து நிற்க வேண்டும். இரண்டு ரன்னர் உள்ள ஜிப்பில் நடுவில் சேர்த்து வைப்பதைவிட, இரண்டையும் உடம்போடு ஒட்டிய மூலைக்குத் தள்ளிவைப்பது பாதுகாப்பு.

படி 6: துணியும் மழையும்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மும்பையில் பை நனையும், அதைத் தவிர்க்க முடியாது.

துணி விவரத்தில் 420 டி, 600 டி, 1000 டி என்று போட்டிருப்பார்கள். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் கூடினால் நூல் தடிமன். ஆனால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். 600 டி பாலியெஸ்டரைவிட 420 டி நல்ல நைலான் உராய்வைத் தாங்கும். கார்டுரா என்ற முத்திரை உள்ளது பெரும்பாலும் கெட்டியான நைலான் துணி. தினசரிப் பைக்கு 420 முதல் 500 டி நைலான் போதும். 1000 டி எடுத்தால் சட்டையைத் தேய்த்து நூல் பிரிக்கும்.

துணி தண்ணீரைத் தடுப்பது உள்பக்கம் பூசிய பிளாஸ்டிக் போன்ற பூச்சால். பியூ (பாலியூரித்தேன்) பூச்சுதான் அதிகம். ஈரக்காற்று உள்ள ஊரில் அது வருடங்கள் போகப் போகப் பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிரும். பை அலமாரியில் சும்மா இருந்தாலும் உதிரும். கடையில் உள்பக்கத்தை விரலால் தேய்த்து, ஒட்டுகிற மாதிரி இருந்தால் பழைய சரக்கு, வேண்டாம்.

வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தாலும் தையல் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் வரும். தையலுக்கு உள்ளே டேப் ஒட்டியிருந்தால்தான் முழுப் பாதுகாப்பு, அது விலை கூடிய பைகளில்தான் கிடைக்கும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஜிப்புக்கு மேல் ஒரு துணி மடிப்பு இருந்தால் போதும். போனையும் காகிதங்களையும் ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு வைத்தால் ஜூலை மாதத்தையும் ஓட்டிவிடலாம்.

தோல் பை ஆசை இருந்தால் தாராவிக்குப் போங்கள். சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலைப் பக்கம் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் வேர் விட்ட பகுதி, தமிழிலேயே பேரம் பேசலாம். “அண்ணாச்சி, வாரைக் கொஞ்சம் நீட்டித் தைச்சுக் கொடுங்க” என்று கேட்டால் செய்து தருபவர்களும் உண்டு. ஆனால் தோல் கனம், மழைக் காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நவம்பரிலிருந்து மே வரைக்கான இரண்டாவது பை என்று வைத்துக்கொண்டால் சரி.

படி 7: அறைகள்

அதிகம் வேண்டாம். உடம்போடு ஒட்டும் பக்கத்தில் ஒரு மறைவு அறை, முன்னால் சட்டென்று எடுக்க ஒன்று, நடுவில் பெரியது. லைனிங் வெளிர் நிறமாக இருந்தால் சாவி தேடும் நேரம் மிச்சம். லேப்டாப் அறையின் அடிப்பகுதி பையின் தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பையைக் கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் அடி லேப்டாப்புக்குத்தான்.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க் அறையைத் தனியாகப் பாருங்கள். பவர் பேங்கைப் பெட்டியோடு செக்-இன் செய்யக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். அதன் கொள்ளளவு 100 வாட் அவர் வரை இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர் அவரை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 74 வாட் அவர் வரும், கவலையில்லை. பாதுகாப்புச் சோதனையில் இதை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள், அதனால் அடியில் புதைக்காதீர்கள். உள்நாட்டு விமானங்களில் கேபின் பைக்குப் பொதுவாக 7 கிலோ. கூட ஒரு சின்னப் பையை விடுகிறார்கள். பிதுங்காத ஸ்லிங் பை அந்தக் கணக்கில் போய்விடும். இங்கேயும் தடிமன்தான் காப்பாற்றும்.

படி 8: வாங்கும் நாள்

கிராஃபர்ட் மார்க்கெட் பக்கமோ, தாதரிலோ, மாலிலோ, எங்கே போனாலும் உங்கள் குவியலைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் காகிதம் திணித்த பை அழகாகத்தான் இருக்கும். காகிதத்தை எடுக்கச் சொல்லி உங்கள் சாமானைப் போட்டு, மாட்டி, கடைக்குள் நடங்கள். முகம் சுளிக்கிற கடை வேண்டாம். இணையத்தில் வாங்கினால் மூன்று எண்கள் இல்லாத விளம்பரத்தை நம்பாதீர்கள்: நீள-உயர-தடிமன், காலி எடை, வாரின் அதிகபட்ச நீளம். உயரமானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் அந்த மூன்றாவது எண்தான் முக்கியம். திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள், லேபிளைக் கிழிக்காமல்.

படி 9: பராமரிப்பு

நனைந்த பையைக் காலி செய்து, எல்லா ஜிப்பையும் திறந்து, ஃபேன் காற்றில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலிலும் வாஷிங் மெஷினிலும் போட்டால் பூச்சு சீக்கிரம் உரியும். ஈரத் துணியால் துடைத்தாலே அழுக்கு போய்விடும். ஜிப் மூடிய பிறகும் பின்னாலேயே பிளந்துகொண்டால் ஜிப்பை மாற்ற அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் ரன்னர்தான் வாய் விரிந்திருக்கும். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் மோச்சியிடம் கொடுத்தால் இடுக்கியால் அழுத்திச் சரிசெய்வார், முடியாவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்.